548 மார்க் வாங்கிய பெண் எம்பிபிஎஸ்ஸில் தாக்குப்பிடிப்பாளா?

கேட்டவர் தாரமங்கலத்தை ஒட்டிய ஊரில் விசைத்தறி ஓட்டுபவர். மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி, தமிழ் வழி. பிளஸ் டூவில் 600-க்கு 548, நீட்டில் 720-க்கு 450-ஐ ஒட்டி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் எம்பிபிஎஸ் இடம் கிடைத்துவிட்டது. வாழ்த்த வந்த சொந்தக்காரர் ஒருவர், "சீட்டு வாங்கறது வேற, பாஸ் பண்றது வேற. நீட்ல 600-க்கு மேல வாங்கின பசங்களோட இது எப்படி ஓடும்?" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து பெண் சரியாகச் சாப்பிடவில்லையாம். கூடவே இன்னொரு கேள்வி: பையன் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான், கடன் வாங்கியாவது ராசிபுரம், நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்துவிடலாமா? மகளுக்கு என்னென்ன சாமான் வாங்குவது என்றும் கேட்டிருக்கிறார்.

நான் உடலியங்கியல் பாடம் நடத்தியவள். அதாவது ஃபிசியாலஜி. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் முதலாமாண்டுப் பிள்ளைகளோடுதான் என் பொழுது போனது. அதனால் உங்கள் சொந்தக்காரர் சொன்னதை முழுப் பொய் என்று தள்ள மாட்டேன். மார்க்குக்கும் மருத்துவப் படிப்புக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அவர் நினைக்கிற இடத்தில், அவர் நினைக்கிற அளவுக்கு இல்லை.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆத்தூர்ப் பக்கம் பெண்கள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். 1984-ல், மருத்துவத்துக்கு நுழைவுத் தேர்வு வந்த புதிதில் இடம் வாங்கினேன். சேலத்தில் அப்போது மருத்துவக் கல்லூரியே கிடையாது. மோகன் குமாரமங்கலம் பெயரில் இருக்கும் அரசுக் கல்லூரி 1986-ல்தான் வந்தது. அதனால் வெளியூரில் ஹாஸ்டல். முதல் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. எதிரே இரண்டு பேராசிரியர்கள். மூச்சு இழுக்கும்போது முதலில் வேலை செய்யும் தசை எது என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். எனக்குத் தெரியும். உதரவிதானம். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் குடை மாதிரி விரிந்திருக்கும், மூச்சை இழுக்கும்போது தட்டையாகும், படம் கூடப் போட்டுக் காட்டுவேன். ஆனால் அதற்கு ஆங்கிலத்தில் டயஃப்ரம் என்று பெயர் என்பது அந்த நிமிடம் நாக்கில் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். "நெக்ஸ்ட்" என்றார் ஒருவர். அந்த வைவாவில் எனக்கு விழுந்தது ஃபெயில் மார்க். விஷயம் தெரிந்து ஃபெயில் ஆவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் பெண்ணுக்கு வரப்போகிற கஷ்டத்தில் பெரும் பங்கு இதுதான். இது மூளைக் குறைவும் இல்லை, மார்க் குறைவும் இல்லை.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். பள்ளி மார்க்கை வைத்து மருத்துவப் படிப்பில் யார் எப்படி வருவார்கள் என்று சொல்ல முடியுமா என்பதை வெளிநாட்டில் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில், அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி ஒரு கட்டுரை வந்தது. மருத்துவ மாணவர்களின் தேர்ச்சியில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இருக்கும் ஏற்றத்தாழ்வில் 23 சதவீதத்தைத்தான் முந்தைய படிப்பு மார்க்கை வைத்து விளக்க முடிகிறது என்று அதில் கணக்குக் காட்டினார்கள். படித்து முடித்து மேல் பயிற்சிக்குப் போன பிறகு அது வெறும் 6 சதவீதமாக இறங்கிவிடுகிறது. 23 என்பது சின்ன எண் இல்லை. நான்கில் ஒரு பங்குக்கு அருகில் ஒரே ஒரு விஷயம் தீர்மானிக்கிறது என்றால் அது கனமான விஷயம்தான். ஆனால் மீதி முக்கால் பங்கு வேறு எங்கோ இருக்கிறது.

அந்த 23-லும் ஒரு சூட்சுமம் உண்டு. நம் ஊர் மாம்பழ மண்டியை நினைத்துப் பாருங்கள். தோப்பில் காய்த்தது எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தால், கோலிக்குண்டு அளவில் இருப்பது புளிக்கும், விளைந்து பருத்தது இனிக்கும். அங்கே அளவைப் பார்த்து ருசி சொல்லலாம். ஆனால் மல்கோவாவில் முதல் ரகம் என்று பொறுக்கித் தனியாக வைத்த கூடையில் கையை விட்டால்? அதில் கொஞ்சம் பெரிய பழம்தான் அதிகம் இனிக்கும் என்று யாரும் பந்தயம் கட்ட மாட்டார்கள். மருத்துவக் கல்லூரி வகுப்பு அந்தக் கூடை. தமிழ்நாட்டில் நீட் எழுதும் பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் 450-க்கும் 150-க்கும் உள்ள வித்தியாசம் பெரிய செய்தி. கல்லூரி வாசலுக்குள் வந்துவிட்டவர்களில் 450-க்கும் 600-க்கும் நடுவில் அந்த அளவு செய்தி இல்லை. இருவரும் ஏற்கனவே பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். கொஞ்சமும் இல்லை என்று சொல்லமாட்டேன். 600 வாங்கிய பையன் பக்கத்தை வேகமாகப் புரட்டுவான், அது உண்மை.

இன்னொரு ஆய்வு உங்கள் பெண்ணுக்கு நேராகவே பொருந்தும். பிரிட்டனில் 12 மருத்துவக் கல்லூரிகளின் மாணவர்களைத் தொடர்ந்து பார்த்து 2013-ல் வெளியிட்டார்கள். ஒரே மார்க்கோடு இரண்டு பேர் கல்லூரிக்குள் வருகிறார்கள். ஒருவர் எல்லாரும் நல்ல மார்க் வாங்கும் பெயர்பெற்ற பள்ளியிலிருந்து. இன்னொருவர் சராசரி மார்க் குறைவாக இருக்கும் பள்ளியிலிருந்து. உள்ளே வந்த பிறகு யார் மேலே போகிறார்? இரண்டாமவர். இதில் மாயம் ஒன்றுமில்லை. நல்ல பள்ளியில் மார்க்கின் ஒரு பகுதியைப் பள்ளியே தூக்கிக் கொடுக்கிறது: தினம் ஒரு டெஸ்ட், படிக்கும் நேரத்துக்கு மணி, பக்கத்தில் நிற்கும் வார்டன். மருத்துவக் கல்லூரி ஹாஸ்டலில் அந்த மணி அடிக்காது. தறிச் சத்தத்துக்கு நடுவில் தானாக உட்கார்ந்து 548 வாங்கிய பெண்ணுக்கு அந்த மணி முதலிலிருந்தே கிடையாது.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 2001 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. நகரத்தின் ஏழ்மையான பகுதிகளில் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளைக் குறைந்த மார்க்கோடு சேர்த்துக்கொண்டு, ஐந்து வருடப் படிப்பை ஆறு வருடமாக நீட்டி, தொடக்கத்தில் கூடுதல் உதவியோடு நடத்துகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மருத்துவர் ஆகிறார்கள். நம்மிடம் அந்தக் கூடுதல் ஆண்டு கிடையாது. அதை நீங்களே வீட்டில் ஒரு மாதமாகச் சுருக்கிக் கொடுக்கலாம். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

நம் மாநிலத்தில் இந்த விஷயத்துக்கு வெளிநாட்டு ஆய்வே தேவையில்லை என்று சில நேரம் தோன்றும். ஆள் எடுக்கும் முறையை இங்கே அத்தனை தடவை மாற்றியிருக்கிறோம். 1984-க்கு முன்னால் மார்க்கோடு நேர்முகத் தேர்வும் இருந்தது. பிறகு 2006 வரை பிளஸ் டூ 200, நுழைவுத் தேர்வு 100 என்று 300-க்குக் கட் ஆஃப். 2007-லிருந்து 2016 வரை பிளஸ் டூ மட்டும். உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கணக்கு. 2017-லிருந்து நீட். நான் இதில் கடைசி மூன்று காலத்துப் பிள்ளைகளுக்கும் பாடம் எடுத்திருக்கிறேன்.

பிளஸ் டூ மட்டும் பார்த்த காலத்தில் வந்தவர்கள் பரீட்சைத் தாளை அழகாக எழுதுவார்கள். தலைப்புக்கு அடிக்கோடு, படத்துக்குப் பென்சில், ஓரத்தில் கோடு. திருத்துபவருக்குக் கண்ணுக்கு இதம். வைவாவில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால், "மேம், அது புக்குல இல்லை" என்று பதில் வரும். ஒரு பையன் இதை என்னிடம் நிஜமான வருத்தத்தோடு சொன்னான், ஏதோ நான் அவனை ஏமாற்றிவிட்ட மாதிரி. அந்தக் காலத்தில் பல ஹாஸ்டல் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூவையே உருப்போட வைத்தன. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு என்று 2017-18-ல் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நீட் வழியாக வருபவர்கள் நேர் எதிர். நான்கு விடையில் எது தப்பு என்று மூக்கால் மோப்பம் பிடித்துவிடுவார்கள். ஆனால் கல்லூரியே வைக்கும் முதல் இன்டெர்னல் தேர்வில் 10 மார்க் கேள்விக்கு அரைப் பக்கம் எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒன்றிரண்டு வருடம் ரிப்பீட்டராக இருந்தவர்கள் அந்த நாளெல்லாம் வட்டத்தைக் கறுப்பாக்கியதைத் தவிர கையால் ஒரு பத்தி எழுதியிருக்க மாட்டார்கள். எம்பிபிஎஸ் பரீட்சையோ கட்டுரை, சிறு குறிப்பு, படம், செய்முறை, வைவா என்று நீளும். ஆக நீட் மார்க் சொல்வது ஒன்று, பிளஸ் டூ மார்க் சொல்வது இன்னொன்று. உங்கள் பெண்ணின் 548-ஐ வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்து கோர்வையாக எழுதத் தெரியும் என்று அந்த எண் சொல்கிறது. முதலாமாண்டில் அது 450-ஐ விட உதவும் என்பது என் அனுபவம்.

நேர்முகத் தேர்வு பற்றி ஒரு வார்த்தை. ஆளைப் பார்த்ததும் "இது தேறும், இது தேறாது" என்று சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை உங்கள் சொந்தக்காரருக்கு மட்டும் இல்லை, பெரிய பேராசிரியர்களுக்கும் உண்டு. 1979-ல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகர மருத்துவக் கல்லூரி ஒன்று நேர்முகம் நடத்தி 150 பேரை எடுத்து முடித்த பிறகு, இன்னும் 50 பேரைச் சேர்க்கச் சொல்லி அரசு உத்தரவு வந்தது. நேர்முகத்தில் தள்ளிவிட்டவர்களிலிருந்துதான் அந்த 50 பேரை எடுக்க வேண்டியிருந்தது. படிப்பு முடியும்போது இரண்டு கூட்டத்துக்கும் குறிப்பிடும்படி வித்தியாசமே இல்லை. வாசலில் நின்று சொல்லும் ஜோசியத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு.

இப்போது ஒரு நாளைச் சொல்கிறேன். 2019-ல் பாடத்திட்டம் மாறியது. அதிலிருந்து முதலாமாண்டுப் பிள்ளைகளையே அவ்வப்போது வார்டுக்குக் கூட்டிப்போய் நோயாளிகளிடம் பேச வைக்க வேண்டும். அப்படி ஒரு தடவை ஆறு பேரோடு போனேன். ஏற்காட்டுக்கு மேலே நாகலூர்ப் பக்கம் காபி எஸ்டேட்டில் வேலை செய்யும் அம்மா ஒருவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "ரெண்டு நாளா மயக்கமா வருதுங்க" என்றார். வகுப்பிலேயே அதிக நீட் மார்க் வாங்கிய பையன் உடனே நோட்டில் நினைவு தப்புதல் என்று ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டான். எத்தனை தடவை, எத்தனை நிமிடம் என்று கேட்கத் தொடங்கினான். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மேட்டூர்ப் பக்கத்திலிருந்து வந்த தமிழ் வழிப் பெண் ஒருத்தி பின்னால் நின்றாள். அதுவரை என் வகுப்பில் வாயே திறக்காதவள். மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்கம்மா, எந்திரிச்சு நிக்கறப்ப கண்ணு இருட்டிக்கிட்டு வருதுங்களா, இல்ல ஊடே சுத்தறாப்ல இருக்குதுங்களா?"

"படுக்கைல ஒரு பக்கமாப் பொரண்டாப் போதும் கண்ணு, கூரை கிர்ருனு சுத்துது. கொஞ்ச நேரத்துல நின்னுபோவுது."

நம் ஊரில் மயக்கம் என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வியாதி ஒளிந்திருக்கிறது. நினைவு தப்புவது, கண் இருட்டுவது, தலை சுற்றுவது, பசியில் தள்ளாடுவது, வெறும் அசதி எல்லாமே மயக்கம்தான். எது என்று பிரிக்கத் தெரியாவிட்டால் மூளைக்கும் இதயத்துக்கும் ஸ்கேன் எழுதிக்கொண்டே போகலாம். அந்தப் பெண் ஒரே கேள்வியில் பிரித்துவிட்டாள். படுக்கையில் புரண்டால் சில நொடி சுற்றி நிற்கிறது என்றால் பெரும்பாலும் உள் காதுச் சமாச்சாரம்.

இதோடு நிறுத்தினால் கதை நன்றாக இருக்கும், ஆனால் முழு உண்மை ஆகாது. திரும்பி வந்து, புரண்டால் ஏன் சுற்ற வேண்டும் என்று கேட்டேன். உள் காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், அதில் இருக்கும் திரவம், இடம் மாறிப் போன சின்னச் சுண்ணாம்புத் துகள் என்று பத்து நிமிடத்தில் கோர்த்துச் சொன்னவன் அந்தப் பையன்தான். அந்தப் பெண்ணால் முடியவில்லை. பாடப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை அவள் இரண்டு தடவை படித்திருக்கிறாள், பாதிச் சொற்கள் பிடிபடவில்லை. இருவரில் யார் நல்ல மருத்துவர் ஆவார் என்று அன்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். யாருக்கு எது குறைகிறது என்று மட்டும் சொல்லியிருப்பேன். அவனுக்கு நம் ஜனங்களின் பேச்சு, அவளுக்குப் புத்தகத்தின் பேச்சு. அவளுடைய குறை ஆறு மாதத்தில் தீரக்கூடியது. தீர்ந்தது.

யார் ஃபெயில் ஆகிறார்கள் என்று கேட்டிருப்பீர்கள், கேட்காவிட்டாலும் மனசில் இருக்கும். சேர்க்கைப் பட்டியலில் கடைசியாக இருப்பவர்கள்தான் என்று நானும் முதலில் நினைத்தேன். என் வகுப்புகளில் அப்படி நடக்கவில்லை. முதல் இன்டெர்னலில் மார்க் குறைந்ததும் வெட்கத்தில் வகுப்புக்கு வராமல் ஒளிந்துகொண்டவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். இதில் மாவட்ட முதல் மார்க் வாங்கிய பிள்ளைகளும் உண்டு. பள்ளியில் ஒரு தடவைகூட கீழே விழாதவர்களுக்கு முதல் அடி பலமாக விழுகிறது. வகுப்புக்கு வராவிட்டால் வருகைப் பதிவு போகும். தியரிக்கு 75 சதவீதம், செய்முறைக்கு 80 சதவீதம் வேண்டும், இல்லையென்றால் பரீட்சை எழுதவே விடமாட்டார்கள். அடுத்தது, அம்மா அப்பா கட்டாயத்தில் மூன்றாவது தடவை நீட் எழுதி வந்து, உள்ளே நுழைந்ததும் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டவர்கள். மூன்றாவது, ராத்திரி இரண்டு மணிக்கும் கையில் கைபேசி இருந்தவர்கள். தேர்ச்சிக்கு வேண்டியது பாதி மார்க்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தவறினாலும் உடனே துணைத் தேர்வு உண்டு. ஒரு தடவை தவறியதால் மருத்துவர் ஆகாமல் போனவரை நான் பார்த்ததில்லை. இதை எழுதுகிறவளே ஒரு வைவாவில் தவறியவள்தானே.

7.5 சதவீதம் பற்றி உங்கள் சொந்தக்காரரிடம் சொல்ல ஒன்று. நீட் வந்த பிறகு அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை. அதனால்தான் 2020-ல் நீதியரசர் கலையரசன் ஆணையத்தின் பரிந்துரைக்குப் பிறகு சட்டம் வந்தது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. இந்த இடத்தில் சேர்பவர்களும் நீட்டில் தகுதி பெற்றவர்கள்தான், எழுதும் பரீட்சையும் எல்லாருக்கும் ஒன்றுதான். தாளைத் திருத்துபவருக்கு எண் தெரியும், ஒதுக்கீடு தெரியாது. 2020-ல் சேர்ந்த முதல் அணிக்குக் கொரோனாவால் வகுப்பே அடுத்த பிப்ரவரியில்தான் தொடங்கியது, கொஞ்ச நாளில் இரண்டாம் அலை வந்து எல்லாம் ஆன்லைன் ஆனது. சிக்னலுக்காக மொட்டை மாடியில் உட்கார்ந்து உடற்கூறு படித்த பிள்ளைகள் அவர்கள். அவர்கள் இன்று ஹவுஸ் சர்ஜன் கட்டத்தையும் தொட்டுவிட்டார்கள்.

சரி, வகுப்பு தொடங்கும்வரை இருக்கும் நாட்களில் என்ன செய்வது? பிளஸ் டூ புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். முதலாமாண்டுக்கு அதைவிட உதவுவது பிளஸ் ஒன் விலங்கியல். செரிமானம், சுவாசம், இரத்த ஓட்டம், கழிவுநீக்கம், தசையும் அசைவும், நரம்பு, ஹார்மோன் என்று 7 பாடங்கள் அதில் மனித உடலைப் பற்றி வருகின்றன. கிட்டத்தட்ட எங்கள் ஃபிசியாலஜியின் குட்டிப் பதிப்பு. அரசு அதே புத்தகத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டிருக்கிறது, இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். பத்திக்குப் பத்தி அதே விஷயம்தான், அதனால் அகராதியே வேண்டாம். தமிழில் தமனி என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஆர்ட்டரி, சிரை என்றால் வெய்ன், மண்ணீரல் ஸ்ப்ளீன், முகுளம் மெடுல்லா. ஒரு நாளைக்கு முப்பது சொல் போதும். ஆனால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுத்தில் தெரிந்த சொல் வைவாவில் வாயிலிருந்து வராது என்பதற்கு நானே சாட்சி. நீளமான சொல்லைப் பார்த்துப் பயப்படாமல் துண்டு போடப் பழகட்டும். ஹெப்பட்டோ என்று தொடங்கினால் கல்லீரல், நெஃப்ரோ என்றால் சிறுநீரகம், ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி. நூறு துண்டு தெரிந்தால் ஆயிரம் சொல் பிடிபடும்.

தினம் ஒரு கேள்விக்கு ஆங்கிலத்தில் கையால் ஒரு பக்கம் எழுதட்டும். இலக்கணம் தப்பாக இருந்தால் இருக்கட்டும். மருத்துவத் தாளில் நாங்கள் இலக்கணத்துக்கு மார்க் குறைப்பதில்லை, படம் சரியாக இருந்தால் சேர்த்துப் போடுவோம். படிப்பு தொடங்கும்போது ஃபவுண்டேஷன் கோர்ஸ் என்று ஒன்று நடக்கும், மொழிப் பயிற்சியும் கணினியும் அதில் உண்டு. சீனியர்கள் அதைச் சும்மா டைம்பாஸ் என்பார்கள். ஆங்கில வழிப் பிள்ளைகளுக்கு அப்படி இருக்கலாம், உங்கள் பெண்ணுக்கு அது தங்கம். அப்புறம், மாதச் சந்தா கட்டும் செயலிகள் எதுவும் முதல் வருடம் வேண்டாம். அந்தக் காசுக்கு வீட்டுக்கு வந்துபோகட்டும்.

முதல் இன்டெர்னல் தாள் கைக்கு வந்த அன்று, மார்க் எவ்வளவாக இருந்தாலும் அதை எடுத்துக்கொண்டு அந்த ஆசிரியரின் அறைக்குப் போகச் சொல்லுங்கள். "எங்க விட்டேன் மேடம்?" என்று கேட்டால் போதும். அறுபதுக்கு மேல் மார்க் வாங்கியவர்கள்தான் பெரும்பாலும் எங்களைத் தேடி வருவார்கள். வர வேண்டியவர்கள் வராண்டாவில் எங்களைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் போய்விடுவார்கள்.

பையன் விஷயம். தயவுசெய்து அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். 7.5 சதவீத இடம் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. அவனும் அரசுப் பள்ளிதான் என்றால், இப்போது கடன் வாங்கித் தனியார் ஹாஸ்டல் பள்ளிக்குப் போன அன்றே அந்த வழி மூடிவிடும். அரசு உதவி பெறும் பள்ளிகூட இந்தக் கணக்கில் வராது. அரசுப் பள்ளியிலேயே இருந்து இந்த ஒதுக்கீட்டில் இடம் வாங்கினால் கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. இத்தனையையும் தூக்கிக் கொடுத்துவிட்டு மணி அடிக்கும் ஒரு ஹாஸ்டலை வாங்குவது நல்ல வியாபாரமாக எனக்குத் தெரியவில்லை. அவனுக்கு மருத்துவத்தில் ஆசை இருக்கிறதா என்று முதலில் அவனைக் கேளுங்கள். இருந்தால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். கணிதம் கட்டாயம் இல்லை. எடுத்தால் நல்லதா என்றால், வீண் போகாது: குழாயின் ஆரம் பாதியானால் இரத்த ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்று சொல்லும்போது கணிதப் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், மற்றவர்கள் மனப்பாடம் செய்வார்கள். அதற்காகப் பயப்படும் பையனைக் கணிதத்தில் தள்ள வேண்டாம்.

சாமான் வாங்குவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். உடற்கூறு படிப்பதற்கான எலும்பு செட்டைப் புதிதாக வாங்காமல் சீனியர்களிடம் கேட்டால் பாதி விலைக்குள் கிடைக்கும். ஸ்டெதஸ்கோப் முதல் வருடம் ரத்த அழுத்தம் பார்க்கும் செய்முறைக்குத்தான், சாதாரணமானதே போதும். வெள்ளைக் கோட்டு மட்டும் இரண்டு தைத்துவிடுங்கள். உடற்கூறு அறைக்குப் போடுவதை மற்ற துணியோடு ஊறவைத்தால், உடலைக் கெடாமல் வைக்கப் பயன்படும் ஃபார்மலின் வாடை பாவாடை தாவணி வரைக்கும் ஏறிவிடும்.